ஐந்தாம் பக்கம்

“ஒண்ணு” என்று எண்ணித்தான் ஆமத்தூர்க்காரர் ஊர்க்காவலன் இரும்புக் கம்பியை இறக்கினார்.

காய்ந்த பருத்திமார்க் குச்சி முறிவது போலச் சுண்டுவிரல் ஒடிந்தது.

திருத்தங்கல் அச்சாபீஸில், படத்தை எழுதி அச்செடுக்கும் கல்லின் மேல், அங்கே படம் வரையும் சங்கிலிமுத்துவின் வலது கை கிடந்தது. மணிக்கட்டை ஊர்க்காவலன் இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

பக்கத்தில் அந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. குழந்தைகள் எண் படிக்கும் படப் புத்தகம். விலை இரண்டணா. பேத்திக்கென்று விருதுநகர்ச் சந்தையில் அவரே ஆசையாக வாங்கியது.

ஒன்று: தலை சீவும் ஒரு பெண். அவருடைய இளைய மகள் செல்லத்தாய். முகம் அச்சு அசல்.

இரண்டு: இரண்டு மாடுகள். இடப்பக்க மாட்டுக்குக் கொம்பு முறிந்திருந்தது. அவர் தொழுவத்து மாட்டுக்கு முறிந்த அதே இடத்தில்.

மூன்று: மூன்று பித்தளைப் பானைகள். நடுப்பானையில் ஒரு நசுங்கல். அது அவர் வீட்டு அடுப்படிக்குள் இருக்கும் பானை.

அந்த அடுப்படிவரை எந்த அந்நிய ஆணும் வந்ததில்லை. தபால்காரர்கூட வாசலோடு சரி. சமைந்த நாளிலிருந்து மூன்று வருஷமாகச் செல்லத்தாயும் வாசற்படி தாண்டியதில்லை.

“ஆமத்தூர்ல என் வீட்டுக்குள்ள எப்பலே வந்தே?”

சங்கிலிமுத்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“ரெண்டு.”

சங்கிலிமுத்துவின் வேட்டி நனைந்தது.

ஊர்க்காவலனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம். இனி இரண்டணா வைத்திருப்பவனெல்லாம் அவர் மகளைப் புரட்டிப் பார்ப்பான்.

“மூணு.”

அச்சாபீஸ் கணக்கப்பிள்ளை லட்சுமிகாந்தத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அலமாரிக்கு ஓடி, ஒரு தபால் உறையை எடுத்து வந்தார்.

“அவனை விட்ருங்கய்யா! இவன் வந்த படத்தைப் பார்த்துக் கல்லுல எழுதுனவன்தான். படம் அம்புட்டும் தபால்ல வந்துச்சு. யார் அனுப்புனாகளோ, பேரே போடலை.”

“குடுக்காதீக அண்ணாச்சி! நான்தான் வரைஞ்சேன். நான்தான்!”

மூன்று விரல்கள் ஒடிந்தபோது வராத அலறல் இப்போது வந்தது.

லட்சுமிகாந்தம் அதற்குள் தாள்களைக் கல்லின் மேல் கொட்டிவிட்டார்.

பென்சிலில் வரைந்த அதே பெண். அதே மாடுகள். அதே பானைகள்.

ஊர்க்காவலன் கம்பியின் நுனியால் முதல் தாளைப் புரட்டினார்.

பின்பக்கம் அச்சடித்திருந்தது. செல்லத்தாயின் சடங்குக்கு இதே அச்சாபீஸில் அடித்த பத்திரிகை. மீந்துபோன கட்டு அவர் வீட்டு மரப்பெட்டியில் கிடந்தது. வேறெங்கும் கிடையாது.

அழைப்பவர் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது: ஊர்க்காவலன்.

அடுத்த தாளைப் புரட்டினார். ஊர்க்காவலன்.

அதற்கடுத்தது, நான்காவது. ஊர்க்காவலன்.

ஐந்தாம் தாளைப் புரட்டவில்லை. அதில் விரித்த ஒரு கை இருந்தது. ஐந்து விரல்கள். மோதிர விரலில், சடங்கன்று அவரே போட்டுவிட்ட நெளி மோதிரம்.



பிறகு சங்கிலிமுத்துவின் மணிக்கட்டை விட்டார். கம்பியைத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

ஆமத்தூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்.