நான்காவது ஆள்

கான்ஃபரன்ஸ் கால் வந்தபின் ப்ரியம்வதாவுக்கு மாதாமாதம் மும்பைக்குக் காரில் அலையும் வேலை இல்லை. மும்பையிலிருந்து நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் தன் மகர்பட்டா அலுவலகத்திலிருந்தே டயல் செய்து, பீப் கேட்டதும் பெயரைச் சொன்னால் போதும். சென்னையில் மேலாளர் பட்டாபிராமன், மும்பையில் சேவியர், இவள். மூன்றே பேர்.

அந்தத் திங்கட்கிழமை இணைப்பில் நான்கு பேர் இருப்பதாக இயந்திரக் குரல் சொன்னது. பெயர்களைக் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். பட்டாபிராமன். சேவியர். ப்ரியம்வதா. பிறகு மறுபடியும் அவள் குரலிலேயே, ப்ரியம்வதா. பின்னணியில் மழை, லாரி ஹாரன்.

“ரெண்டு தடவை டயல் பண்ணியிருப்பே, விடும்மா,” என்றார் பட்டாபிராமன். “கிளையன்ட் நேர்ல பாக்கணுங்கறான். இன்னிக்கே மும்பை கிளம்பு. கார் வரும்.”

“ஒரு தடவைதான் சார் பண்ணேன். இங்க மழையும் இல்ல.”

இருவரும் வைத்துவிட்டார்கள். அவள் வைக்கவில்லை. இரண்டு பேர் இருப்பதாக இயந்திரம் சொன்னது. வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது.

“மேடம், பிரேக்...” என்றது கரகரத்த ஓர் ஆண் குரல். உடனே பீப். இப்போது ஒருவர் மட்டுமே இருப்பதாக இயந்திரம் சொன்னது.

கதவைத் தட்டிவிட்டு டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“மேடம், காடி ரெடி ஹை.” கார் தயாராம்.

அதே கரகரப்பு. அவன் சட்டைத் தோளில் இரண்டு மழைத்துளிகள் இருந்தன.