காக்கைகளின் சாட்சி

கழுத்தில் வழிந்த ரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து தையல் கடைக்குள் பாய்ந்தான் அந்த பெயிண்டர். பின்னாலேயே துரத்தி வந்த எதுவோ மோதி ஷட்டர் தகரம் அதிர்ந்தது.

"ஷட்டரை இறக்குங்கம்மா! என்னைக் கொல்லாம விடாதுங்க போலிருக்கு!"

மெஷினை விட்டு எழுந்த தையல்காரம்மா ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இழுத்துவிட்டாள். வெளியே வாசற்படியிலும் கம்பியிலும் காக்கைகள் வந்து உட்கார்ந்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் கடைக்குள்ளேயே பார்த்துக் கரைந்தது.

"உட்காரு தம்பி. உள்ள வராது, பயப்படாதே."

வெட்டு மேசையில் கிடந்த வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். அவனுக்குப் பல் கிட்டியது. ஸ்டூலின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

எதிர்க்கடை சாவிக்காரர் அந்தக் காக்கைகளுக்கு நடுவே சாவகாசமாக நடந்து வந்து, ஷட்டரைத் தூக்கி உள்ளே நுழைந்தார். ஒரு காக்கைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னப்பா, சட்டையெல்லாம் வெள்ளை பெயிண்ட். தலைக்கு மட்டும் சிவப்பா?"

"அண்ணே, சும்மா இருங்க. புள்ள நடுங்கிட்டிருக்கான்" என்றாள் தையல்காரம்மா.

"தெருவுல அத்தனை பேர் போறாங்க, வராங்க. என்னை மட்டும் ஏங்க?" என்று பெயிண்டர் அழாக்குறையாகக் கேட்டான்.

"அதை நீதான் சொல்லணும். எந்தக் கூட்டுல கை வச்சே?"

"ஐயோ, நான் இந்த ஊருக்கே இன்னிக்குத்தாங்க வந்தேன்."

"நீ அப்படிச் சொல்றே. காக்கா வேற மாதிரி சொல்லுதே."

தகரத்தில் மறுபடி ஒரு மோதல். பெயிண்டர் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். வந்த காரணத்தைத் திக்கித் திக்கிச் சொன்னான்.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டில் கோபித்துக்கொண்டு போன மூத்தவனைப் பார்க்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். இனியும் தள்ளிப்போட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனை இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்டதாக யாரோ சொன்னதை நம்பி, அம்மா கேட்டுக்கொண்டபடி தாடியை மழித்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறான்.

"பட்டறை, ஓட்டல், லாரி ஷெட் எல்லாம் கேட்டாச்சு. யாருக்கும் தெரியலை. இந்தத் தெருவுல கால் வச்சதும் இதுங்க பிடிச்சுக்கிச்சு. வெறுங்கையோட போய் அம்மா முன்னாடி எப்படிங்க நிப்பேன்?"

தையல்காரம்மாவின் கண் கலங்கியது. "கடவுள் இருக்காருப்பா. பின்பக்கம் சந்து இருக்கு. இந்தத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு. இங்க நின்னா உன்னைப் பிச்சுப் போட்டுடும்."

அவன் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு பின்கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"துண்டு போட்டா மட்டும் விட்டுடுமா?" என்றார் சாவிக்காரர். "காக்கா ஒருத்தன் மூஞ்சியை மனசுல வாங்கிச்சுன்னா வருஷக்கணக்கா மறக்காது. சட்டையை மாத்தினாலும் கண்டுபிடிச்சுடும். கூட்டாளிங்களுக்கும் காட்டிக் குடுத்துடும்."

"யார் மூஞ்சியை?"

"மழைக்கு முன்னாடி தெருவிளக்கை மாத்த ஒருத்தன் வந்தான். ஏணி வண்டிக் கூண்டுல நின்னு மேல போனான். விளக்குக்கு மேலயே கூடு. எடுத்துட்டான். இத்தனை நாள்ல இதுங்க விரட்டினது அவன் ஒருத்தனைத்தான். இப்ப உன்னை."

"எடுத்துட்டான்னு பாதியில விடாதீங்கண்ணே" என்று குறுக்கிட்டாள் தையல்காரம்மா. "ஹெல்மெட்டைக் கழட்டி, அதுக்குள்ள குஞ்சுங்களை வச்சு, அலுங்காம எதிர் மரத்துல கொண்டு சேர்த்தான் மகராசன். கொத்து வாங்கிக்கிட்டேதான் சேர்த்தான். நல்லது செய்யறவன்னு இதுங்களுக்கு எங்க புரியுது?"

"நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"அவ்வளவு உசரத்துல நமக்கு என்ன தெரியும்? அவன் மூஞ்சியைக் கிட்டக்கப் பாத்தது காக்காங்க மட்டும்தான்."

பின்கதவின் தாழ்ப்பாளில் இருந்த பெயிண்டரின் கை அப்படியே நின்றது.

"அவர் எந்த ஆபீஸ்ம்மா?"

"கரண்ட் ஆபீஸ்தான். இந்தத் தெருக்கோடியில, நீலக் கட்டடம். எதுக்குக் கேக்கறே?"

அவன் முக்காட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். நேரே முன்பக்கம் போய் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினான். வாசலில் இருந்த காக்கைகள் குபீரென்று கிளம்பின.

"பைத்தியமா உனக்கு?" சாவிக்காரரின் குரலில் இப்போது கேலி இல்லை. "கண்ணைக் கொத்திடும்டா! குடையாவது எடுத்துக்கோ!"

"வேண்டாங்க. நல்லா பாத்துக்கட்டும்."

காக்கைகள் தலைக்கு மேல் வட்டமிட, தெருவில் இறங்கியவன் ஒரு கணம் திரும்பினான். ரத்தமும் கண்ணீரும் வழிந்த அந்த முகம் சிரித்தது.

"நானும் எங்கண்ணனும் ரெட்டைப் பிள்ளைங்கம்மா!"