அஸர் தொழுகைக்குப் பின் ஓர் அத்தியாயம்

"பச்சைப் பொய்! படுத்த படுக்கையா கிடக்கிற பொண்டாட்டிகிட்ட இப்படியா ஒரு மனுஷன் புளுகுவான்?"

சுஹைருக்குப் பொறுக்கவில்லை. மடியில் கிடந்த பழைய நாவலின் கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். சந்தேகமே இல்லை. கதாநாயகி இருமி இருமிச் செத்துப்போகிறாள்.

ஆனால் முந்தாநாள் எதிர்வீட்டு வஹ்பி மாமா வாசித்தபோது, அவளுக்குக் கல்யாணமல்லவா நடந்தது! மேளம் என்ன, குலவை என்ன!

அலெக்சாந்திரியாவின் அந்தப் பழைய கட்டடத்தில் எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் கிணறு மாதிரி ஒரே இடைவெளியைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு வீட்டில் பூண்டு வதக்கினால் நாலு வீட்டில் தும்மல்.

வஹ்பி மாமா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசிப்பதும் டிராம் மாதிரிதான். மெதுவாக, அங்கங்கே நின்று, தடதடவென்று. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மனைவி இன்ஷிராவின் கட்டிலருகே உட்கார்ந்து பழைய நாவலில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். ஜன்னல் வழியே அதைக் கேட்பதற்கென்றே சுஹைர் அதுவரை பாத்திரங்களைக் கழுவாமல் போட்டு வைத்திருப்பாள்.

தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததில் நடுவே சில அத்தியாயங்கள் தவறிப்போயின. அதற்காகத்தான் ரயிலடிப் பழைய புத்தகக் கடையில் அதே நாவலைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். வந்து பார்த்தால் இந்தக் கூத்து.

மாடிப்படியில் அக்கம்பக்கத்துப் பெண்களிடையே ஏற்கெனவே பேச்சுதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறதை நிறுத்திட்டாரு. கதைப் புஸ்தகத்துக்கு மட்டும் காசு இருக்கு." சுஹைர் அதை நம்பியதில்லை. காலையில் அவர் சமையலறையில் தனியாக மூக்கை உறிஞ்சுவது கேட்கும்போதுகூட, வெங்காயம் நறுக்குகிறார், பாவம் என்றுதான் நினைப்பாள்.

இப்போது அந்தப் பாவம் எல்லாம் பறந்துவிட்டது.

வஹ்பி மாமா ரொட்டி வாங்கக் கீழே இறங்கியதும், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நாவலும் கையுமாக எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள்.

"வா பொண்ணே. பிள்ளைக்கு ஜுரம் விட்டுதா?" இன்ஷிராவின் குரல் போர்வைக்குள்ளிருந்து நூலாக வந்தது.

"விட்டுது அத்தை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மனசு கேக்கல. மாமா உங்களை ஏமாத்துறாரு. அந்த நாவல் முடிவுல அந்தப் பொண்ணு..."

"செத்துப்போயிடுவா. ஜன்னலோரமா, பூந்தொட்டிப் பக்கத்துல."

சுஹைர் கையிலிருந்த நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பூந்தொட்டிகூட அப்படியே இருந்தது.

"எங்க அப்பா வீட்டு அலமாரியில இருந்துது. கல்யாணத்துக்கு முன்னாடியே மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் செத்தா. உன் மாமா கையில சிக்கினப்புறம்தான் பிழைச்சா."

"நீங்க படிச்சது மாமாவுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல அவருக்குப் பேப்பர்ல பந்தாட்டப் பக்கம் போதும். நான் என்ன படிக்கிறேன்னு ஒருநாளும் கேட்டதில்ல. இப்பத்தான் கேக்குறாரு. நானும் எதையும் படிச்சதில்லன்னு சொல்லிடுறேன்."

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

இன்ஷிரா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, டாக்டர் அவரை மட்டும் வெளியில கூப்பிட்டுப் பேசினாரு. நம்ம ஊர்ல நோயாளிகிட்டயா சொல்றாங்க? திரும்பி வந்து, 'வெறும் வயித்துப் புண்ணுதான், ஓய்வெடுத்தா சரியாயிடும்'னாரு. முகம் சுண்ணாம்பா வெளுத்துக் கிடந்துது. அன்னிக்குச் சாயங்காலம்தான் முதல் புஸ்தகத்தோட வந்தாரு."

"அப்போ... உங்களுக்கு..."

"தெரியும். எனக்குத் தெரியாதுன்னு அவரு நம்பிட்டிருக்காரு. அந்த நம்பிக்கையிலதான் ரெண்டு வாய் சாப்பிடுறாரு. அதுலயும் மண்ணைப் போடவா?"

பிள்ளை சிணுங்கியது. சுஹைர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"காலையில சமையலறையில உக்காந்து முன்கூட்டியே படிச்சுப் பாக்குறாரு," என்றாள் இன்ஷிரா. "யாராவது சாகுற கதையா இருந்தா முடிவை மாத்தணுமே, அதுக்கு. நமக்குக் கேக்காதுன்னு நெனப்பு. இன்னிக்கு ரொம்ப நேரம் அழுதாரு. புதுக் கதையில யாரு போகப்போறாங்களோ!"

படியில் செருப்புச் சத்தம். சுஹைர் நாவலைப் பிள்ளையின் சால்வைக்குள் திணித்தாள். பாதிதான் உள்ளே போனது.

ரொட்டிப் பையோடு வந்த வஹ்பி மாமா அதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா சுஹைர், அது என்ன புஸ்தகம்?"

"சமையல் புஸ்தகம் மாமா. கத்திரிக்காய்க்குள்ள அரிசி அடைக்கிறது எனக்கு எப்பவும் குழைஞ்சு போகுது. அத்தைகிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

அவள் நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவர் சமையலறையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். கண்ணிமைகள் சிவந்து வீங்கியிருந்தன.

"இன்ஷிரா, இன்னிக்குப் புதுக் கதை. படிச்சிருக்கியா?"

இன்ஷிரா அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இல்லையே."

"அருமையான கதை. ஒரு சின்னக் குழந்தை வருது. நடுவுல கொஞ்சம் உடம்பு சரியில்லாமப் போகும். நீ பயப்படாதே. கடைசியில அது நல்லா..."

அவர் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

இன்ஷிரா சட்டென்று எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, இப்பவே சொல்லிடாதீங்க! முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன ருசி?"