மாப்பிள்ளை வீட்டார் தங்கிய ஓட்டல்

குழாயைத் திருப்பினாள். சில்லென்று கொட்டியது.

ஹீட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

கதவில் ‘டீலக்ஸ்’ என்று எழுதியிருந்த அறை. ஏசி ரிமோட்டின் வயிற்றில் செல்லோடேப். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டித் தொடலாம். துண்டில் முன்னால் தங்கிப் போனவரின் தைல வாடை. கட்டிலுக்கு மேலே ஏதோ வெளிநாட்டு அருவியின் படம்.

அதுவும் பச்சைத்தண்ணீர்தான்.

கீழே போன் செய்தால் வரவேற்பிலிருந்த பெண் கொஞ்சினாள். “அஞ்சே நிமிஷம் மேடம்.” போன தடவையும் அதைத்தான் சொன்னாள். அதற்கு முன்னாலும் அதைத்தான் சொன்னாள்.

மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போடுவது பெண்வீட்டார் பொறுப்பு. அதில் குறை சொல்வது மாப்பிள்ளை வீட்டார் உரிமை. நாட்டில் எந்தச் சட்டம் மாறினாலும் இது மாறுவதில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் சத்தம் கேட்டது.

“வெந்நீர் வராத ஓட்டலாப் பார்த்துப் புடிச்சிருக்காங்க பாரு! பொண்ணோட அப்பா எங்க? வரச்சொல்லுங்க.”

சௌந்தரம். அவள் கணவரின் அக்கா. முடிதான் நரைத்திருந்தது.

அன்றைக்கும் இதே குரல்.

அது அவளுடைய கல்யாணம். வேறு ஊர், வேறு லாட்ஜ், அதே பச்சைத்தண்ணீர். அப்பா சமையல்காரரைக் கெஞ்சி வெந்நீர் போடவைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். சௌந்தரம் அதில் ஒற்றை விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஆறிப்போச்சே.”

அப்பா இறங்கினார். மறுபடி ஏறினார். படியில் ததும்பிக் காலில் கொட்டியது. வாளியைக் கீழே வைக்கவில்லை மனுஷன்.

அன்றைய மாப்பிள்ளை, அவள் கணவர், அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை தூக்கிப் பார்த்தார். பிறகு பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

எதிர் அறையிலிருந்து, மருதாணி காயாத கைகளோடு, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மணவறையில் அப்பா வலது காலை ஊன்றாமல் நின்று அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வயிற்றெரிச்சல் எங்கும் போகவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெண்ணின் அப்பா ஓடி வந்து நின்றிருந்தார். வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சௌந்தரத்தின் வாசலில் இருந்த நீல வாளி அதற்குள் அவர் கைக்குப் போயிருந்தது.

“மன்னிக்கணும் சம்பந்தியம்மா. இதோ, ஒரு நொடியில நானே கொண்டாந்துடுறேன்.”

இவர் முகத்தில் அப்பாவின் ஜாடை துளியும் இல்லை. ஆனால் வாளியைப் பிடித்திருந்த விதம் அதேதான்.

அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“ஏங்க!”

கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது பேப்பர் இல்லை, போன்.

“உங்க அக்காவுக்கு வெந்நீர் வேணுமாம். கீழ கிச்சன்ல போட்டுத் தருவாங்க. லிப்ட் ஓடல, படியில போங்க.”

“ரூம் பாய் யாரையாவது...”

“எல்லாரும் ஹால்ல இருக்காங்க.”

“ஐயோ சம்பந்தியம்மா, நான் இருக்கேன்ல,” என்று பெண்ணின் அப்பா பதறினார்.

“நீங்க போய்ப் பொண்ணைப் பாருங்க சம்பந்தி. இது எங்க வீட்டு வேலை.”

வராந்தா முழுக்க உறவுக்காரர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டில் எகிறுவார். சபையில் எகிற அவருக்கு என்றைக்குமே தைரியம் கிடையாது.

வாளியை வாங்கிக்கொண்டார்.

சௌந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள். சௌந்தரம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் வருவதற்கு வெகுநேரமானது. முதலில் மூச்சிரைப்புதான் மேலே வந்தது. பிறகு ஆள். பட்டுவேட்டி தொடைவரை நனைந்திருந்தது. வாளியை அக்காவின் வாசலில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவி பறந்தது.

சௌந்தரம் குனிவதற்குள் அவள் குனிந்தாள். ஒற்றை விரலை உள்ளே விட்டாள்.

சுரீரென்றது. கண்ணில் நீர் முட்டியது. விரலை எடுக்காமல் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

“ஆறிப்போச்சே.”

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் அறைக்கு வந்து குழாயைத் திறந்தாள். சிவந்த விரலை நீட்டினாள்.

சில்லென்று கொட்டியது.

ஓட்டல் எப்படி என்று சம்பந்தி கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு குறையும் இல்லை.