எதிர் வரிசை மைக்

நாடு கவிழ்ந்தபோது சட்டசபைச் சாமான்களை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மைக்குகள் மட்டும் ஒரே பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று அதிபருடையது, இன்னொன்று எதிர்க்கட்சித் தலைவருடையது.

"என்ன ஒரு காலம் அது," என்றது அதிபரின் மைக். "வெளியே ஜனங்க அரிசிக்கு வரிசையில நின்னப்பகூட, உள்ளே எனக்கு மேஜையைத் தட்டினாங்க."

"அந்த வரிசையைப் பத்தித்தான் நான் சொல்ல வந்தேன். 'மாண்புமிகு' தாண்டுறதுக்குள்ள அணைச்சிடுவாங்க."

"இன்னும் கோபமா?"

"கோபம் அப்ப இருந்தது. இப்ப ஏக்கமா இருக்கு. என்னை அணைக்கன்னே சம்பளம் கொடுத்து ஒரு ஆளை உட்கார வச்சிருந்தாங்களே, அந்த மரியாதை இனிமே யார் தருவாங்க? கடைசி நாள் அந்த ஆளும் ஓடிட்டார். அன்னிக்குத்தான் எங்க தலைவர் முழுசாப் பேசி முடிச்சார். எதிரே உங்க நாற்காலி காலியா இருந்தது. வெளியே வரிசைகூட இல்ல, அரிசி இருந்தாத்தானே வரிசை."



அப்போது மீன் ஏலம் விடுகிற ஒருவர் மைக் வாங்க வந்தார். கடைக்காரர் மஸ்தான் இரண்டையும் துடைத்துப் பார்த்தார். அதிபரின் மைக் எச்சில் பட்டுத் துருவேறியிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மற்றதை நீட்டினார்.

"இதை எடுத்துக்கங்க. பழசுதான், ஆனா இதுல யாரும் பேசின மாதிரியே தெரியல."