தொண்ணூறாவது கையெழுத்து

“இந்த ராட்சசக் காத்தாடி ஒடஞ்சு என் கூரை மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டு, வெல்டர் படிவத்தை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள், காற்றாலைச் சங்கத்துக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தவள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். கோபுரம் நிற்கப்போவது மேட்டு நிலத்தில், சாய்ந்தாலும் இந்த வீடுவரை எட்டாது என்று நிதானமாக விளக்கினாள்.

அது அவருக்குத் தெரியாதா? அந்த மாதிரிக் கோபுரங்களுக்கு அடித்தட்டு பற்றவைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். எந்தப் போல்ட் எவ்வளவு தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் நாளைக்கு வரமாட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

பெண்சாதி போய் நாலு வருஷம். மகன் எங்கேயோ தூரத்தில். போன் போட்டால் ‘வேலையா இருக்கேம்பா’ என்பதோடு சரி. நாள் முழுக்க வெல்டர் வாயைத் திறப்பது, கடைக்காரனிடம் ரொட்டி கேட்கும்போது மட்டும்தான். அதுவும் போன மாதத்திலிருந்து கடைக்காரன் இவர் தலையைக் கண்டதுமே ரொட்டியை எடுத்து வைத்துவிடுகிறான்.

அவள் முதல் தடவை வந்து இருபத்தைந்து நாள் இருக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டாள். குடியிருப்பில் நூற்றிருபது வீடு. தொண்ணூறு வீடு பங்குதாரராகச் சேர்ந்தால், காற்றாலைச் செலவில் பாதியை அரசாங்கம் மானியமாகத் தரும். ஒரு வீடு குறைந்தாலும் கிடையாது. வெளியூர்க் கம்பெனி வந்து அதே மேட்டில் கோபுரம் நட்டு, நம் காற்றில் வந்த கரண்ட்டை நமக்கே விற்கும்.

“எண்பத்தொன்பது வந்தாச்சு. உங்களோடது தொண்ணூறு, சார்” என்றாள்.

யோசிக்கணும் என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றாள். அந்த வழியை அன்று பிடித்துக்கொண்டார். நிழல் விழுமே என்று ஒரு நாள், பறவை அடிபடுமே என்று ஒரு நாள். பறவைகள்மேல் அவருக்கு அதுவரை எந்தக் கரிசனமும் இருந்ததில்லை.

சத்தத்தில் தூக்கம் வராதே என்று கேட்ட அன்றுதான் அவள் சிரித்தாள். “சம்மட்டிச் சத்தத்துல கூழாப்போன காதுண்ணே உங்களுது. வாசல்ல நின்னு நாலு தடவ கூப்பிட்டாத்தான் ஒரு தடவ திரும்புறீங்க.”

சார், அண்ணன் ஆகியிருந்தார்.

ஒரு நாள் டீ காலியான பிறகும் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். வீட்டில் தேடமாட்டார்களா என்று கேட்டார்.

“பூட்டு தேடாதுண்ணே.”

அதற்கு மேல் அவர் துருவவில்லை. அடுப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்தார்.

இன்றைக்குக் கூரைச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு எழுந்தவள், “அவசரமில்லண்ணே, நல்லா யோசிங்க. நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டம்ளர்களைக் கழுவி வைத்துக் கண்ணாடியைப் போட்ட பிறகுதான், அவள் மேசையில் விட்டுப்போன படிவத்தின் கீழ்வரி அவர் கண்ணில் பட்டது. மானியத்துக்குக் கடைசித் தேதி இன்றுதான். சாயங்காலம் ஐந்து மணி. இவ்வளவு அலைந்தவள் தேதியைக் கோட்டை விட்டுவிட்டாளே.

தன் ஒருவன் பேச்சுத்துணைக்காக நூற்றிருபது வீட்டுக்காரன் வாயில் மண்ணைப் போடுவதா? தொண்ணூறைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று அவள் பிழைப்புக்கே ஆபத்து வந்தாலும் வரும். பேனாவைத் தேடி எடுத்து, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கு யார் வருவார் என்ற நினைப்பைத் தள்ளிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

சங்க ஆபீஸ் என்பது இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி. கிளார்க் மட்டும் இருந்தான். மணி நாலே முக்கால். வெல்டருக்கு மூச்சு வாங்கியது. படிவத்தை மேசைமேல் வைத்தார்.

“தொண்ணூறாவது கையெழுத்து தம்பி. தாமதத்துக்கு நான்தான் காரணம். வேணும்னேதான் இழுத்தடிச்சேன். அந்தம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க. பாவம், ஒரு நாள் விடாம வந்தாங்க.”

கிளார்க் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வந்தது யார், எப்படி இருப்பார் என்று விசாரித்தான். நரைத்த முடி, தோளில் பச்சைப் பை, சிரித்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்றார் வெல்டர். கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டதற்கு, இப்போது மூன்று மணிக்குக்கூட வந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார் என்றார்.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தான்.

“தொண்ணூறு அப்பவே சேந்து, மானியத்துக்கும் எழுதி அனுப்பியாச்சு பெரியவரே. அந்தம்மாவ வேலையிலேருந்து நிறுத்தி மூணு வாரமாச்சே.”