சஹனில் நாலாவது கை

கீழக்கரைக் கல்யாணப் பந்தலின் சிவப்புத் துணி வழியே உச்சி வெயில் இறங்குகிறது. பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறு ஆவி பறக்க, அதைச் சுற்றி நான்கு பெண்கள். மூன்று கைகள் சோற்றில் இருக்கின்றன. அம்ரீனின் கை மட்டும் மடியில் இருக்கிறது. ஏழு வருடமாக அவள் குடலில் ஆறாத புண்; இன்று காலையிலேயே ஐந்து தடவை போய் வந்துவிட்டாள். மாமியார் காலிதா நல்ல எலும்புக் கறியாகத் தேடி அவள் பக்கம் தள்ளுகிறாள். "பிஸ்மி சொல்லி ஒரு வாய் வைம்மா, ஒண்ணும் செய்யாது. டென்ஷனக் கொறைக்கணும்னுதானே டாக்டரே சொன்னாரு." ஒரு சஹனில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. அதற்காகவே அம்ரீன் இதுவரை ஒவ்வொரு கல்யாணத்திலும் தின்றாள்; ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்ரீன் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, தட்டின் விளிம்பில் ணங்கென்று இடித்து வைத்துத் திறக்கிறாள். உப்பு மட்டும் போட்ட மோர்ச்சோறு. மூன்று கைகளும் நின்றுவிடுகின்றன. "நாலு பேர் முன்னால என்னம்மா இது?" என்கிறாள் காலிதா. காது வரை சிவந்த முகத்தை அம்ரீன் நிமிர்த்துகிறாள். "டென்ஷனத்தான் கொறைக்கிறேன் மாமி. சாப்பிடத்தான் நாலு பேரு. ரத்தம் ரத்தமாப் போறப்ப கக்கூஸுல நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன்."